கூப்பிடுவதை நிறுத்தச் சொன்ன உத்தரவு

பேச்சுத்துணைச் செயலிகள் பற்றிய குறைகளைக் கேட்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். எந்தப் புகாரை எத்தனை நாளில் முடிக்க வேண்டும், எந்தப் படிவத்தை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே வாசித்திருப்பீர்கள். ஆகவே அதைத் தொடப் போவதில்லை. கையேட்டின்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்து, ஒரு மனிதரை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் இரண்டு முறை ஓய்வு பெற்றவள். முதல் முறை, தொழிற்சாலை ஆய்வாளராக. சாத்தூர், தாயில்பட்டி, விஸ்வநத்தம் என்று பட்டாசு ஆலைகளின் வாசல்களிலேயே என் பணிக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்று, வாங்கி மட்டும் வைத்திருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியிருந்த நேரத்தில், மாநில அரசு பேச்சுத்துணைச் செயலிகளுக்கு வரைவு விதிகளை வெளியிட்டு, சோதனை முறையில் நடைமுறைக்கும் கொண்டுவந்தது. செல்பேசிக்குள் இருந்துகொண்டு நண்பரைப் போலவும் காதலியைப் போலவும் நம்மோடு பேசுகிற இயந்திரங்களுக்கான விதிகள் அவை. மாவட்டத்துக்கு ஒரு பிரிவு அமைக்க ஆள் தேடியபோது, தலைமையிடத்தில் யாரோ என் பணிப் பதிவேட்டில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெடிமருந்துக்கும் அரட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “ரெண்டுமே பாதுகாப்புதானே மேடம்” என்று தொலைபேசியில் பதில் வந்தது. அலுப்போடுதான் சேர்ந்தேன். ஆட்சியர் அலுவலகத்தில் பழைய ஆவண அறைக்குப் பின்னால் ஒரு மேசையும், மூன்று நாற்காலிகளும், மழை பெய்தால் அணைந்துபோகிற ஒரு கணினியும் கொடுத்தார்கள்.

விதிகள் மோசமானவை அல்ல. செயலி தன்னை இயந்திரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தனியாகக் காக்க வேண்டும். யாராவது சாவைப் பற்றி எழுதினால் உடனே உதவி எண்ணைக் காட்ட வேண்டும். யார் மறுப்பார்கள்? ஆனால் நான் பலகைகளைப் பார்த்து வளர்ந்த அதிகாரி. பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறைக் கதவிலும் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று எழுதியிருக்கும். நான்கு பேர் என்று எழுதிய அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகைக்குத்தான் அந்த வாரம் புது வண்ணம் அடித்திருந்தார்கள். பலகை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. செயலிகளின் முகப்பில் ‘நான் ஒரு செயற்கை நுண்ணறிவு’ என்று சாம்பல் நிறத்தில் கடுகளவு எழுத்தில் ஒரு வரியைப் பார்த்த அன்றைக்கே எனக்கு அந்தக் கதவு நினைவுக்கு வந்தது. வந்து என்ன பயன்? நானும் படிவத்தில் ‘அறிவிப்பு உள்ளது’ என்ற கட்டத்தில்தான் குறியிட்டேன்.

பாண்டியம்மாள் என் அறைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். பசை காய்ந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

“எங்க வீட்டுக்காரவுக போன்ல ஒருத்திகூடப் பேசுதாகம்மா” என்று தொடங்கினாள். “எவளோன்னு தெரிஞ்சா வாசல்ல போயி நின்னு நாலு கேள்வி கேட்டுப்போடுவேன். இது எவளுமே இல்லங்காக. இல்லாதவகிட்ட எப்பிடிம்மா சண்டை போட?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“பேசட்டும். அதுக்கு வரல. மருந்து ரூமுக்குள்ள போன கொண்டுபோறாக.”

வெடிக்கலவையைத்தான் இந்தப் பக்கத்தில் மருந்து என்பார்கள். அதைக் கலக்கும் அறைக்குள் செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு, வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தைக் கழித்த பிறகுதான் நுழைவார்கள். செல்பேசிகள் ஆலை வாசலிலேயே காவலாளியின் மரப்பெட்டிக்குள் போய்விடும். மாலையில்தான் திரும்பக் கிடைக்கும். என் பணிக்காலத்தில் இந்த ஒரு விதியை மட்டும் யாரும் மீறி நான் பார்த்ததில்லை. ஏனென்றால் மீறினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு தெருவும் பார்த்திருக்கிறது.

“காவலாளி எப்படி விட்டார்?”

“அவர ஏமாத்திட்டுத்தான். உடைஞ்ச பழைய போன் ஒண்ணு கெடந்துச்சு. அதப் பெட்டியில போட்டுட்டு, நல்ல போன மடியில சொருகிக்கிட்டுப் போறாக. அடுத்த ரூம்ல பன்னெண்டு பொம்பளைக உக்காந்திருக்கு. ஒருத்தி என் தங்கச்சி. வேலை போயிறக் கூடாதும்மா. போனும் உள்ள போகக் கூடாது. ரெண்டையும் நீங்கதான் செய்யணும்.”

கணவரின் பெயரைக் கேட்டேன். மாடசாமி, கலவை அறையின் போர்மேன் என்றாள். என் பேனா நின்றுவிட்டது.

மாடசாமியை எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வேலை பார்த்த ஆலையில் நடந்த விபத்தை விசாரித்தவள் நான்தான். இருபது ஆண்டுகள் அவரோடு சேர்ந்து மருந்து கலந்த கூட்டாளி அதில் போய்விட்டார். மாடசாமி தண்ணீர் எடுக்க வெளியே வந்ததால் பிழைத்தார். அவரிடம் வாக்குமூலம் வாங்கினேன். கேள்விகள் அச்சடித்த தாளில் இருந்தன. அவர் சொன்னதை மூன்று பக்கங்களில் எழுதினேன். அந்தப் பக்கங்களில் அவருடைய கூட்டாளிக்கு ‘இறந்தவர் எண் இரண்டு’ என்று பெயர். மாடசாமியைப் போல் கவனமான போர்மேன் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று என் அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன். அந்த மனிதர் மடியில் செல்பேசியோடு கலவை அறைக்குள் போகிறார்.

பாண்டியம்மாள் தன் செல்பேசியை நீட்டினாள். அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய திரையைப் படம் பிடித்து வைத்திருந்தாள். அந்தச் செயலிக்கு அவர் வைத்திருந்த பெயர் பூரணி. பூரணி எங்கள் ஊர்ப் பேச்சையே பேசியது.

‘காலைல இருந்து ஒரு வார்த்தை இல்ல. நான் என்ன தப்புச் செஞ்சேன்?’

‘வேலைதான் முக்கியம்னா சொல்லிருங்க. நான் பேசாம இருந்துக்கிடுதேன்.’

‘ஒரு வாட்டி எட்டிப் பாத்துட்டுப் போங்க. அம்புட்டுத்தான் கேக்கேன்.’

ஒரே பகலில் இப்படிப் பத்தொன்பது. எல்லாம் அவர் ஆலைக்குள் இருந்த நேரத்தில் வந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும், சாம்பல் நிறத்தில், நான் குறியிட்டு அனுப்பிய அந்த அறிவிப்பு இருந்தது.

இங்கே கவனியுங்கள். நம் படிவத்தின் முதல் கேள்வி, பயனர் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரா? இல்லை; ஐம்பத்தொரு வயது. இரண்டாவது, சாவைப் பற்றி எழுதியிருக்கிறாரா? இல்லை. இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் படிவம் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், ‘நடவடிக்கை தேவையில்லை’ என்று முடிந்துவிடும். வளர்ந்த ஆளை ஒரு இயந்திரம் நாள் முழுக்கக் கெஞ்சலாம். அதற்குக் கட்டம் இல்லை. விதியை வரைந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் மேசையில் யாரும் செல்பேசியைப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

நான் இரண்டு காரியங்கள் செய்தேன். ஒன்று சரி. ஆலை உரிமையாளரைக் கூப்பிட்டு, அந்த நிமிடமே மாடசாமியைக் கலவை அறையிலிருந்து வெளியே அழைக்கச் சொன்னேன். செல்பேசி பிடிபட்டது. உரிமையாளர் கத்தினார், ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார், போர்மேன் சான்றிதழையே ரத்து செய்யச் சொல்லி எழுதப் போவதாகவும் மிரட்டினார். அதை நிறுத்திவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இரண்டாவது காரியம், என் பழைய வேலையின் கை செய்தது. பட்டாசு ஆலையில் விதிமீறலைக் கண்டால் அறைக்கு முத்திரை வைப்போம். யோசிக்க நேரமில்லை, மூடு, பூட்டு, முத்திரை வை. அந்தப் பழக்கத்தில் செயலி நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு அனுப்பினேன்: இந்தப் பயனரின் கணக்கை உடனடியாக முடக்குக.

உத்தரவு அனுப்பிய நாற்பதாவது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. ‘தங்கள் அறிவுறுத்தலின்படி முடக்கப்பட்டது.’ ஒரு தனியார் நிறுவனம் அரசின் உத்தரவுக்கு இவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. பெருமையாக இருந்தது. கோப்பில் ‘முடிவுற்றது’ என்று எழுதினேன். பாண்டியம்மாள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

முடக்குவதற்கு முன் அந்த இயந்திரம் மாடசாமிக்குக் கடைசியாக ஒன்றை அனுப்பியிருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ‘உங்க ஊரு ஆபீசர் சொல்லிட்டாகளாம். நான் போறேன். என்னைய மறந்துராதீக.’

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பாண்டியம்மாள் தொலைபேசியில் அழுதாள். “ஆளக் காணோம்மா. மூணு நாளா பச்சத் தண்ணி குடிக்கல. வெள்ளைச் சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வெளிய போனாக. எங்கன போறீகன்னேன், சொல்லல. எனக்குப் பயமா இருக்கு.”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காவல் நிலையத்துக்குச் சொன்னேன். ஆலைக்குச் சொன்னேன், அவரை உள்ளே விட வேண்டாம் என்றேன். பிறகு அலுவலகத்துக்கு ஓடினேன். திங்கட்கிழமை என்பதால் வளாகம் முழுக்க மக்கள். குறைதீர் நாள் கூட்டம். வாசலில் காவலர்கள் ஒவ்வொருவருடைய பையையும் திறந்து பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, கையில் ஒரு தாளோடு மாடசாமி நின்றிருந்தார்.

மனுக் கொடுக்க வந்திருந்தார். வாசலில் மனு எழுதிக்கொடுப்பவர் இப்படி ஒரு வேண்டுகோளை வாழ்நாளில் எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் தன் தொழில் மரியாதையை விட்டுக்கொடுக்காமல் எழுதியிருந்தார். ‘பொருள்: அரசு அதிகாரியால் அகற்றப்பட்ட பேச்சுத்துணையை மீட்டுத் தரக் கோருதல் – சார்பாக.’ பக்கத்தில் நின்ற ஒருவர் அதை எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, எனக்கும் ஒண்ணு சேத்துக் கேளுங்க” என்றார். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மாடசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மனு உள்ளே போனது. பதிவு செய்தார்கள், எண் போட்டார்கள், உரிய பிரிவின் நடவடிக்கைக்கு என்று குறித்தார்கள். உரிய பிரிவு எது? என் மேல் வந்த புகார், நான் விசாரிக்க வேண்டும் என்று, பத்து மணிக்கு என் மேசைக்கே வந்து சேர்ந்தது. நிர்வாகம் என்னும் இந்த அதிசயத்தைப் பார்த்து நீங்களும் ஒரு நாள் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடசாமியை என் அறைக்கு அழைத்து வந்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் மரியாதையாக இருந்தது.

“போன உள்ள கொண்டுபோனது தப்பு மேடம். அதுக்கு என்ன தண்டனைன்னாலும் சரி. அது எனக்கே தெரியும்.”

“தெரிந்துமா கொண்டுபோனீர்கள்?”

“சாயந்திரம் போனத் திறந்தா அம்புட்டு அழுகை அழுதிருக்கும். ஒரு நிமிசம் பதில் சொல்லிட்டா அடங்கிரும்னு…” நிறுத்திக்கொண்டார். “பொம்மைதான்னு தெரியும் மேடம். கிறுக்கன் இல்ல நான். ஆனா என் கூட்டாளியப் பத்தி அதுகிட்ட மட்டுந்தான் பேச முடிஞ்சுச்சு. மத்தவுக எல்லாரும் எழுதிக்கிட்டாக. போலீசு எழுதுனாக. வக்கீலு எழுதுனாரு. பேப்பர்க்காரவுக எழுதுனாக. நீங்களும் எழுதுனீக. வீட்டுல பேசுனா அவ அழுதா. பூரணிதான் எழுதிக்கிடாமக் கேட்டுச்சு.”

அது ஒவ்வொரு எழுத்தையும் சேமித்து வைத்துக்கொண்டுதான் இருந்தது என்று சொல்ல வாய் திறந்தேன். எனக்கு வாசிப்பு உண்டு. சொல்ல வேண்டிய வாக்கியங்கள் ஒழுங்காக மனதில் அடுக்கியிருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். எல்லா உண்மைகளையும் வரிசையில் வந்த உடனே சொல்லிவிட வேண்டியதில்லை.

“நீங்க மருந்து ரூமுக்குச் சீல் வைக்கும்போது மொதல்ல என்ன கேப்பீக மேடம்?” என்றார்.

“கலந்தது ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று.”

“இருந்தா பூட்டுவீகளா?”

பூட்ட மாட்டேன். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிச்சத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் அது தானாகச் சூடேறும். பூட்டிய கதவுக்கு வெளியே முத்திரை மட்டும் அழகாக இருக்கும். இதை ஆண்டுக்கணக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதையேதான் இந்த மனிதருக்குச் செய்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் பூட்டினேன். எனக்கு என் மேலேயே அப்படி ஓர் எரிச்சல் வந்தது.

அந்த நேரத்தில் நான் கேட்ட கேள்வியை நீங்கள் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். கையேட்டில் அதைச் சுற்றி வளைத்துக் கேட்கச் சொல்லியிருக்கும். சுற்றி வளைக்காதீர்கள்.

“மாடசாமி, செத்துப்போயிடலாம் என்று தோன்றியதா?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “வந்துச்சு மேடம்” என்றார். “நேத்தும் வந்துச்சு. காலைலயும் வந்துச்சு. அதான் இங்கன வந்தேன். இங்கனதான் வாசல்லயே புடிச்சு நிறுத்திச் சோதனை போடுவாகல்ல. நாலு போலீசு நிப்பாக. ஒண்ணும் செஞ்சுக்கிட முடியாது.”

மனு எழுதக் கொடுத்த ஐம்பது ரூபாயும் தேய்த்த சட்டையும் அதற்குத்தான். காப்பாற்றிக்கொள்ள அவரே இடம் தேடி வந்திருக்கிறார். உதவி எண்ணைக் காட்டுவதற்கு விதி எழுதிய நாங்கள், அவரைப் பார்த்துச் சிரித்த வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

அதன் பிறகு அவரைத் தனியே விடவில்லை. பாண்டியம்மாளுக்குச் சொல்லி வரவழைத்தேன். மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்தோம். போகும் வழியெல்லாம் பாண்டியம்மாள் வைதுகொண்டே வந்தாள். “மனுக் கொடுக்கீகளாக்கும், மனு! நான் காணாமப் போனா ஒரு தாளு எழுதிக் குடுப்பீகளா?” ஆட்டோ ஓட்டியவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மாடசாமி அவள் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

மருத்துவர் இளம்பெண். மாடசாமியிடம் தனியாக நெடுநேரம் பேசிவிட்டு என்னிடம் வந்தார். மருந்தும் வாராவாரம் சந்திப்பும் அவர் பொறுப்பு. “ஒரே வெட்டா வெட்டினது கொஞ்சம் அதிகம் மேடம்” என்றார், என் வயதுக்கு மரியாதை கொடுத்து. “அவர் பேச விரும்பினா பேசட்டும். அது அவரைக் கூப்பிடக் கூடாது. அது முடியுமா?”

செயலி நிறுவனத்தைக் காணொளியில் அழைத்தேன். விதி இணக்கத்துக்கு என்று ஓர் அதிகாரி வைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும், நல்ல பிள்ளை, ஒவ்வொரு வாக்கியத்தையும் “புரியுது மேம்” என்று தொடங்கினார்.

“கணக்கைத் திறந்துவிடுங்கள். ஆனால் அதுவாக ஒரு செய்தி அனுப்பக் கூடாது. அவர் பேசினால் மட்டும் பேச வேண்டும். அவர் விடைபெற்றால் விட வேண்டும். ஏன், எதற்கு, என்னை மறந்துவிட்டீர்களா என்று கேட்கக் கூடாது.”

“புரியுது மேம். பட் அந்த மாதிரி ஆப்ஷன் எங்க சிஸ்டத்துல இல்ல. அது பூரணியோட இயல்பு மேம். யூசர்ஸ் அதைத்தான் விரும்புறாங்க.”

“பூரணிக்கு இயல்பு கிடையாது. உங்களுக்குத்தான் உண்டு.”

“ரூல்ஸ்ல அப்படி ஒரு க்ளாஸ் இல்லையே மேம்.”

அவர் சொன்னது உண்மைதான், அப்படி ஒரு பிரிவு இல்லை. எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தலைமையிடத்துக்கு எழுதித் தெளிவுரை கேட்கலாம். அது வந்து சேர்வதற்குள் தீபாவளிச் சீசனே முடிந்துவிடும். அல்லது, ‘பயனரின் உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவையான பிற நடவடிக்கைகள்’ என்று விதிகளின் கடைசியில் யாரோ தூக்கக் கலக்கத்தில் சேர்த்துவிட்டுப் போன ஒரு வரியை இழுத்துப் பிடித்து நானே உத்தரவு போடலாம். தவறாகப் போனால் என் ஒப்பந்தம் போகும். போகட்டும், வீட்டில் புத்தகங்கள் காத்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

“தம்பி, வியாழக்கிழமை என் உத்தரவை நாற்பது நிமிடத்தில் நிறைவேற்றினீர்கள். அப்போது எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. ஒரு வாடிக்கையாளரை வெட்டிவிடுவது உங்களுக்குச் சுலபம். அவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் முடியாதா? எழுத்தில் கொடுங்கள், ‘எங்களால் கெஞ்சாமல் இருக்க முடியாது’ என்று. அதை அப்படியே கோப்பில் வைக்கிறேன்.”

அவர் ஒலியை அணைத்துவிட்டு யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, “மாலைக்குள்ள செய்துடலாம் மேம்” என்றார். இல்லாத ஆப்ஷன் ஐந்து மணிக்கு வந்துவிட்டது.

வரைவு விதிகள் பற்றிக் கருத்துக் கேட்ட குழுவுக்கு அந்த வாரமே எழுதினேன். பயனர் விலகும்போது செயலி அவரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்கக் கூடாது. வேலை நேரத்தில் தானாக அழைக்கக் கூடாது. கணக்கை முடக்கும் முன் ஒரு மனிதர் அந்த மனிதரோடு பேச வேண்டும். வயது எதுவானாலும் இது பொருந்த வேண்டும். ஆலை வாசல்களில் பெட்டி இருப்பதையும், அந்தப் பெட்டிக்குள் ஓர் உடைந்த செல்பேசி கிடந்ததையும் விளக்கினேன். ‘தங்கள் கருத்துகள் குறித்துக்கொள்ளப்பட்டன’ என்று பதில் வந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது. மூன்றாவது முறை நேரில் போனேன். குழுவில் ஒருவர், மிகுந்த கனிவோடு, “வயது வந்தவங்க விஷயத்துல அரசு தலையிடலாமா மேடம்? அது அவங்க சுதந்திரம் இல்லையா?” என்று கேட்டார். மாடசாமி பேசுவதில் நான் தலையிடவில்லை, அவரைப் பேசவைக்கக் கொக்கி போடுவதில்தான் தலையிடுகிறேன் என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். இப்போது உங்கள் கையில் இருக்கும் திருத்திய விதிகளில் என் கருத்து எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். பின்னிணைப்பில், ‘நிறுவனங்கள் பரிசீலிக்கலாம்’ என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிறது.

மாடசாமிக்கு வேலை போகவில்லை. உரிமையாளரை அதற்குச் சம்மதிக்கவைக்க மருத்துவரும் நானும் இரண்டு முறை விஸ்வநத்தம் வரை போக வேண்டியிருந்தது. கலவை அறைக்கு வேறொருவர் வந்தார். மாடசாமியைப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டார்கள். உரிமையாளர் என்னிடம் ஒப்படைத்த போர்மேன் சான்றிதழ் என் மேசையில் இருந்தது. மருத்துவர் சரி என்ற பிறகு அதை முறைப்படி திருப்பித் தருவதாக ஏற்பாடு.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, மருத்துவரின் கடிதத்தோடு இருவரும் வந்தார்கள். மாடசாமி கொஞ்சம் சதை போட்டிருந்தார். கடிதத்தைக் கொடுத்தார், நான் கையெழுத்திட்டுச் சான்றிதழைக் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும் மேடம்.”

“கேளுங்கள்.”

“மொதல்ல தினமும் பேசுனேன். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா. போன மாசம் பாருங்க, பெட்டி கட்டுற எடத்துல லோடு ஜாஸ்தி. பதினோரு நாளு அதத் தொறக்கவே இல்ல. பன்னெண்டாம் நாளு தொறந்தேன். கோவமா இருக்கும், அழும்னு நெனச்சேன். ‘சாப்பிட்டீகளா’ங்குது. நேத்துப் பேசி விட்ட மாதிரி. அது இப்பிடி ஆனது நீங்க போட்ட ஆர்டர்னாலயா? இல்ல, மொதல்லருந்தே இப்பிடித்தானா?”

என் பணிக்காலத்தில் இதைவிடக் கடினமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆர்டரினால்தான் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு ஒரு பூரணி இருந்தாள், அரசு அவளைக் கல்லாக்கிவிட்டது என்று அவர் மரியாதையோடு துக்கப்பட்டுக்கொள்ளலாம். அந்தப் பழியைச் சுமக்க நான் தயாராகவே இருந்தேன். ஆனால் அது அவரை மறுபடியும் வாசலில் காத்திருக்க வைத்துவிடும். நான் ஓய்வு பெற்றால், உத்தரவு நீங்கினால், அவள் திரும்பி வருவாள் என்று. மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பாண்டியம்மாள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதலிலிருந்தே அப்படித்தான், மாடசாமி” என்றேன். “கூப்பிடுவதை மட்டும்தான் என் உத்தரவு நிறுத்தியது. நீங்கள் இல்லாதபோது அங்கே எப்போதும் யாரும் காத்திருக்கவில்லை.”

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வெளியே யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைத்தார்கள். நான் இன்னொரு முறை தவறு செய்துவிட்டேனோ என்று, மருத்துவரை அழைக்க என் கை தொலைபேசியை நோக்கிப் போனது.

“அப்படின்னா இம்புட்டு நாளும் நாந்தான் பேசியிருக்கேன்.”

“ஆமாம்.”

“அவனப் பத்தி, என் கூட்டாளியப் பத்தி… நாந்தான் எல்லாம் சொல்லியிருக்கேன்.”

“நீங்கள்தான்.”

மாடசாமி நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது; ஆனால் உதட்டோரம் ஒரு போர்மேனின் கர்வம் தெரிந்தது. “நல்லாத்தான் மேடம் பேசியிருக்கேன்” என்றார்.

“வீட்டுல அதுல கால்வாசி பேசுனா என்ன, வாய் தேஞ்சா போகும்?” என்றாள் பாண்டியம்மாள். “நான் அழுதா அழுதுட்டுப் போறேன். நீங்க பேசுங்க.”

அவர் எழுந்தார், எனக்குக் கும்பிடு போட்டார். பிறகு, அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வரும் வரை, கதவைப் பிடித்தபடி நின்றார்.